கிழமைக்கு நாலு

மாமாவின் தொண்டையில் ரசம்சோறுகூட இறங்கவில்லை என்றானபோதுதான் சயந்தினிக்குச் சந்தேகம் வந்தது.

அதுவரை வெறும் வாய்ப்புண் என்றுதான் வீட்டில் எல்லோரும் இருந்தார்கள். "உடம்புச் சூடும்மா, வேற ஒண்ணுமில்ல" என்று மாமி தீர்ப்புச் சொல்லிவிட்டாள். மோர் வந்தது, தேங்காய்ப்பால் வந்தது, வென்ட்வேர்த்வில் கடையிலிருந்து மணத்தக்காளி வற்றல் வந்தது. புண் எதற்கும் மசியவில்லை. அந்தத் திங்கட்கிழமை காலை, குழையப் பிசைந்த சோற்றை ஒரு கரண்டி வாயில் வாங்கிய மாமா, அதை விழுங்கவும் முடியாமல் துப்பவும் கூச்சப்பட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். கண்ணிலிருந்து நீர் பொலபொலவென்று கொட்டியது. திருத்துறைப்பூண்டி போஸ்ட் ஆபீசில் முத்திரை குத்தி ஓய்வுபெற்ற நாகராஜன் மாமா, பிளேனை விட்டு இறங்கிய நாளிலிருந்து மகன் நரேனின் நார்த்மீட் வீட்டில் ஒரு தடவைகூட முனகியவர் இல்லை.

சயந்தினி அவர் நெற்றியைத் தொட்டாள். கொதித்தது.

"வாயைத் திறவுங்கோ மாமா, பாப்பம்."

நாக்கும் உதட்டின் உள்பக்கமும் வெள்ளை வெள்ளையாக உரிந்திருந்தன. சட்டைக் கையை மேலே ஒதுக்கிப் பார்த்தாள். வழக்கமாகச் செதிள் படர்ந்திருக்கும் இடமெல்லாம் தோல் கழன்று பச்சைப் புண்ணாகக் கசிந்தது.

"இது எப்ப துவங்கினது மாமி? ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"ரெண்டு மூணு நாளா இருக்கும்மா. மருந்து வேலை செய்யுது. உள்ள கெடந்ததையெல்லாம் வெளிய தள்ளுது பாரு." மாமியின் குரலில் கவலையைவிட நம்பிக்கைதான் அதிகம் இருந்தது.

சயந்தினி ஆம்புலன்சைக் கூப்பிட்டாள்.

அந்த மருந்தின் கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது. மாமாவுக்கு சோரியாசிஸ். ஊரில் களிம்பு, எண்ணெய், பத்தியம், கஷாயம் என்று ஒன்று பாக்கியில்லாமல் பார்த்தாகிவிட்டது. தோல் வெள்ளியாய்ப் பொருக்கு விட்டு உதிரும். சோபாவில் உட்காரும்போது தன் சொந்தப் போர்வையை விரித்து அதன்மேல்தான் உட்காருவார். எழுந்திருக்கும்போது உதிர்ந்ததையெல்லாம் யாரும் பார்ப்பதற்குள் மடித்து எடுத்துக்கொண்டு போய்விடுவார். கோயிலில் ஐயர் விபூதி கொடுக்கும்போது வரிசையில் கடைசி ஆள் அவர். இதெல்லாம்கூடப் போகட்டும். மூன்று வயதுப் பேத்தி அக்ஷரா "தாத்தா தூக்கு" என்று கையை நீட்டினால், "தாத்தாவுக்கு முதுகு வலிடா கண்ணு" என்று சொல்லிக் கையைப் பின்னால் கட்டிக்கொள்வார். முதுகுக்கு ஒன்றுமில்லை. குழந்தை மேல் உதிர்ந்துவிடுமே என்ற பயம். அதைப் பார்த்துவிட்டு சயந்தினி ஒருநாள் குளியலறையில் போய் நின்று அழுதிருக்கிறாள்.

அவளுக்கு இந்த வியாதியும் அதன் மருந்துகளும் புதிதல்ல. பல்கலைக்கழகத்தில் அவளுடைய வேலையே அதுதான். பெயர் நீக்கப்பட்ட மருந்துச்சீட்டுகளைக் கம்ப்யூட்டரில் அலசி, தோல் வியாதிக்காரர்களில் யாருக்கு எந்த டொக்டர் களிம்போடு நிறுத்திவிட்டார், யாருக்கு உடம்பின் எதிர்ப்புச்சக்தியை அடக்கும் குளிசை கொடுத்தார், யார் அதற்கும் மேலே ஏறிப் புதிய ஊசி வரைக்கும் போனார் என்று பார்ப்பது. ஊர் உலகத்துச் சீட்டையெல்லாம் துருவுகிறவள் சொந்த மாமாவைச் சும்மா விடுவாளா? அவருக்கு அரசாங்க மருத்துவ அட்டையான மெடிகேர் வந்த கையோடு ஒரு தோல் டொக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

அவள் கேட்டது ஊசியை. டொக்டர் தலையாட்டி மறுத்தார். ஊசிக்கு அரசாங்கம் காசு கொடுக்க வேண்டுமானால், பழைய குளிசைகளால் குணமாகவில்லை என்று முதலில் காட்ட வேண்டும். முதல் படி மெத்தோட்ரெக்ஸேட் என்ற குளிசை. அவளுக்கும் அது தெரிந்ததுதான். டொக்டர் எழுதினார், எழுதியதைச் சொன்னார். வாரத்துக்கு ஒரே ஒரு தடவை, நான்கு. சயந்தினி திரும்பி மாமா மாமிக்குச் சொன்னாள்: "கிழமைக்கு ஒருக்கா. நாலு." இருவரும் தலையாட்டினார்கள். டொக்டர் விடவில்லை. வாரத்துக்கு ஒரு தடவை என்று இன்னொரு முறை சொன்னார். தினமும் எடுக்கவே கூடாது, ஆபத்து என்றார். அவர் குரலை உயர்த்தி, விரலை ஆட்டி, குழந்தைகளுக்குச் சொல்வதுபோலச் சொன்னது சயந்தினிக்குப் பிடிக்கவில்லை. வயசான மனுஷரிடம் இப்படியா பேசுவது? "கிழமைக்கு ஒருக்கா மட்டும்" என்று மறுபடி சொல்லி முடித்துக்கொண்டாள். தினமும் கூடாது என்ற பாதியை மொழிபெயர்க்கவில்லை. கிழமைக்கு ஒருக்கா என்ற பிறகு அது எதற்கு?

வீட்டில் ஏற்கெனவே இரண்டு தமிழ் இருந்தது. யாழ்ப்பாணத்தில் பிறந்து ஸ்ட்ராத்ஃபீல்டில் வளர்ந்த சயந்தினிக்குக் குசினி, மாமிக்கு சமையல்கட்டு. அவளுக்குக் கதிரை, மாமிக்கு நாற்காலி. அவளுக்குக் குளிசை, மாமிக்கு மாத்திரை. மாமா மாமி வந்த புதிதில் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு சிரிப்பு எழும். பிறகு பழகிவிட்டது. "குசினில பால் காயுது, பாத்துக்கோ" என்று மாமியே கேலியாகச் சொல்லும் அளவுக்கு வந்திருந்தது.

ஆம்புலன்சைக் கூப்பிட்டதற்குச் சரியாக ஏழு நாள் முன்னால், குளிசை வாங்கிவந்த திங்கட்கிழமை காலை, சயந்தினிக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது. மாமிக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. மாமாவுக்கு வாசிக்க நன்றாகவே வரும், இந்த ஊர் ஆட்கள் பேசினால்தான் பிடிபடாது. ஆனால் மாமா எதையும் பார்த்துச் சாப்பிடுகிறவர் இல்லை. உள்ளங்கை வெடித்துக் களிம்பு பூசிக் கிடப்பதால் மாத்திரையைக் கையில் வாங்கமாட்டார். மாமியின் வளையல் சத்தம் கேட்டால் பேப்பரை விட்டுக் கண்ணெடுக்காமல் வாயைத் திறப்பார். போட்டதை முழுங்குவார். "வைதேகி கையால போட்டா விஷம்கூட மருந்துதான்" என்று பெருமை வேறு பேசுவார். அதனால் மாமிக்குப் புரிந்தால் போதும் என்று சயந்தினி ஒரு வெள்ளைத்தாளை நறுக்கி, நல்ல கொட்டை எழுத்தில் எழுதினாள். "கிழமைக்கு 4 குளிசை" என்று எழுதிவிட்டு, அட, மாமிக்குக் குளிசை என்றால் சிரிப்பு வருமே என்று அந்தச் சொல்லை அடித்து "மாத்திரை" என்று மாற்றினாள். கீழே, "காலையில், ஒரே தடவையில். ஒரு கிழமையும் தவற வேண்டாம்." அந்தத் தாளை டப்பாவில் பார்மசிக்காரன் ஒட்டியிருந்த ஆங்கிலச் சீட்டின் மேலேயே பசைபோட்டு ஒட்டினாள். இரண்டு எழுத்து இருந்தால் குழப்பம் வரும் என்று.

"இண்டைக்கே துவங்குங்கோ மாமி" என்று சொல்லிவிட்டு ரயிலுக்கு ஓடினாள்.

ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்தார்கள், சேலைன் ஏற்றினார்கள். அவள் கணவன் நரேன் சிட்டியிலிருந்து வந்துகொண்டிருந்தான். இளம் பெண் டொக்டர் ஒருத்தி வந்து, வீட்டு ஆட்கள் மொழிபெயர்க்கக் கூடாது, மருந்து விஷயம் என்பதால் மொழிபெயர்ப்பாளரைத்தான் வைத்துக் கேட்க வேண்டும் என்றாள். போனை மேசையில் வைத்து ஸ்பீக்கரைப் போட்டாள். "வணக்கம் அம்மா" என்று ஒரு ஆண்குரல். கேட்டதும் சயந்தினிக்கு ஒரு ஆறுதல். தன் ஊர்த்தமிழ்.

"அம்மா, ஐயா அந்தத் தோல் வருத்தத்துக்கான மாத்திரையைக் கிழமைக்கு ஒருக்காதானே எடுக்கிறவர்?"

"ஆமாங்க. கிழமைக்கு ஒரு தடவைதான். காலையில, ஒரே தடவையா நாலு."

"கூடுதலா ஏதும் எடுத்தவரோ?"

"ஐயய்யோ, இல்லவே இல்லைங்க. நாலுக்கு மேல ஒண்ணு கெடையாது. நான் எண்ணி எண்ணித்தான் போடுவேன். ஒரு கிழமை கூட விடல."

குரல் அதை ஒரு எழுத்து பிசகாமல் ஆங்கிலத்தில் சொன்னது. வாரத்துக்கு ஒரு தடவை, நான்கு, கூடுதலாக எடுக்கவில்லை. டொக்டர் தட்டச்சு செய்துகொண்டாள். சயந்தினியும் பக்கத்தில் நின்று ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினாள். துவங்கியே ஒரு கிழமைதானே ஆகிறது, இதில் விடுவதற்கு என்ன இருக்கிறது என்று ஒரு நினைப்பு குறுக்கே ஓடியது. மாமி எப்போதும் ஒன்றுக்கு இரண்டாகச் சொல்கிறவள் என்று விட்டுவிட்டாள்.

சற்றுப் பொறுத்து இரத்த முடிவு வந்தது. டொக்டரின் முகம் மாறியிருந்தது. வெள்ளை அணுக்கள் அடியோடு விழுந்துவிட்டன, சிறுநீரகமும் திணறுகிறது என்றாள். அந்தக் குளிசை இப்படிச் செய்யக்கூடியதுதான், ஆனால் போன திங்கட்கிழமை ஒரே ஒரு தடவை எடுத்த நாலே நாலு குளிசை இவ்வளவு தூரம் கொண்டுவந்துவிடும் என்று நம்ப முடியவில்லை, கடுமையான தொற்று ஏதோ இருக்க வேண்டும், அதைத் தேடுகிறோம் என்றாள். மாமாவைத் தனி அறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். கதவில் மாஸ்க் போடு, கை கழுவு என்று படம் போட்டிருந்தது.

நரேன் மூச்சிரைக்க வந்து சேர்ந்தான். மூவரும் வெளியே கதிரைகளில் உட்கார்ந்தார்கள். மாமி மடியில் கைப்பையை வைத்து, ஸ்லோகம் முணுமுணுத்துக்கொண்டிருந்தவள், திடீரென்று நிறுத்தினாள்.

"மறந்தே போயிட்டேன் பாரு. வீட்டுக்குப் போறப்ப இதையும் வாங்கணும்." பைக்குள்ளிருந்து டப்பாவை எடுத்துக் குலுக்கினாள். உள்ளே ஒன்றோ இரண்டோ உருண்டது. "இன்னைக்குப் போடவே நாலு இல்ல. ரெண்டுதான் கெடக்கு."

சயந்தினி டப்பாவைப் பார்த்தாள். கிட்டத்தட்ட இரண்டு மாதத்துக்கு வரவேண்டிய டப்பா அது.

அவள் வேலையில் இப்படிச் சீட்டுகள் வரும். மாதக்கணக்கில் வரவேண்டிய இந்தக் குளிசையை வாங்கிய சில நாளிலேயே யாரோ மறுபடி வாங்கியதாக ஒரு பதிவு இருக்கும். அதைப் பார்த்ததும் அழித்துவிட வேண்டும் என்பது அவர்கள் குழுவின் விதி. பதிவில்தான் பிழை, இந்த மருந்தை இவ்வளவு வேகமாக ஒரு மனுஷன் சாப்பிட்டிருக்க முடியாது என்று. எத்தனையோ தடவை தானே தன் விரலால் அழித்திருக்கிறாள்.

"மாமி..." என்று இழுத்தாள். "இது எப்பெப்ப குடுத்தனீங்கள்?"

"நீ எழுதின மாதிரிதாம்மா. கிழமைக்கு நாலு."

"எந்தெந்தக் கிழமை?"

"எல்லாக் கிழமையும்தான். திங்கக்கிழமை ஆரம்பிச்சேன். வெள்ளிக்கிழமை நான் விரதம், அன்னைக்குக்கூட அவருக்கு விடல. ஞாயித்துக்கிழமையும் போட்டேனே. ஒரு கிழமையும் தவறக்கூடாதுன்னு நீதானே எழுதியிருந்தே?"

சயந்தினி டப்பாவில் தான் எழுதிய முதல் சொல்லை மறுபடி வாசித்தாள்.

அவள் ஊரில் கிழமை என்றால் வாரம். ஏழு நாளும் சேர்ந்தது ஒரு கிழமை. மாமியின் ஊரில் கிழமை என்றால் திங்கள், செவ்வாய், புதன் என்று ஒவ்வொரு நாளும் ஒரு கிழமை. சயந்தினிக்குத் தெரியாததா? நரேனைப் பழகிய புதிதில், "அடுத்த கிழமை சந்திப்பம்" என்று அவள் சொல்ல, "எந்தக் கிழமை? திங்களா, செவ்வாயா?" என்று அவன் முழிக்க, ஸ்ட்ராத்ஃபீல்ட் ஸ்டேஷனில் இருவரும் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறார்கள். கல்யாண விருந்தில் மைக்கைப் பிடித்து எல்லோருக்கும் சொன்ன கதை அது. குசினியும் கதிரையும் குளிசையும் வேறு மாதிரி ஒலித்தன, அதனால் மாட்டிக்கொண்டன. அவள் குளிசையை அடித்து மாத்திரை என்று எழுதினாளே, அந்தக் கைக்குக் கிழமை மட்டும் கண்ணில் படவில்லை. பாழாய்ப்போன சொல் இரண்டு ஊருக்கும் ஒரே முகத்தைக் காட்டிக்கொண்டு வீட்டுக்குள் நடமாடியிருக்கிறது. சற்று முன்னால் போனில் அந்த மனுஷன் கேட்டதும் மாமி சொன்னதும் அவள் தலையாட்டியதும்கூட அதே சொல்லை வைத்துத்தான்.

எழுந்து ஓடினாள். மேசையில் டொக்டர் இல்லை. இன்னொரு நோயாளியிடம் இருக்கிறாள், கொஞ்சம் பொறுங்கள் என்றாள் தாதி. பொறுப்பதா? சயந்தினி அந்த நடைபாதை முழுக்கக் கேட்கும்படி கத்தினாள். அவர் தினமும் சாப்பிட்டிருக்கிறார், தினமும், வாரத்துக்கு ஒருமுறை அல்ல, நான்தான் தப்பாக எழுதினேன், யாராவது வாருங்கள் என்று ஆங்கிலத்தில் கத்தினாள். திரைகளுக்குப் பின்னாலிருந்து தலைகள் எட்டிப்பார்த்தன. டொக்டர் ஓடிவந்தாள். "தினமுமா? ஆனால் மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டேனே..." என்றவள், சயந்தினியின் முகத்தைப் பார்த்ததும் மேலே பேசாமல் போனை எடுத்தாள். முறிவு மருந்து வந்தது. அது முன்னாலேயே தெரிந்து கொடுத்திருந்தால் நல்லது, இப்போதும் கொடுக்கிறோம், பார்ப்போம் என்றாள். 

நரேனிடம் லிப்ட் பக்கத்தில் வைத்துச் சொன்னாள். அடித்தாலும் பரவாயில்லை என்று நின்றாள். அவன் சுவரில் சாய்ந்து, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"நானும் படிச்சேன் சயா" என்றான். "மைக்ரோவேவ் மேல டப்பா இருந்துச்சு. கிழமைக்கு நாலுன்னு படிச்சேன். வாரத்துக்கு நாலுன்னு புரிஞ்சுது. உன் தமிழ் எனக்கு அவ்வளவு பழகிடுச்சு. அம்மாவுக்கு அது வேறன்னு எனக்குத் தோணவே இல்ல."

அவளும் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். 

"அம்மாகிட்ட சொல்லாதே" என்றான் பிறகு. "கையெடுத்துக் கும்பிடறேன். தன் கையாலதான் போட்டேன்னு தெரிஞ்சா அவங்க பொழைக்க மாட்டாங்க. அப்பா வீட்டுக்கு வரட்டும். அப்புறம் நானே சொல்றேன்."

அப்பா வீட்டுக்கு வரட்டும். அதற்கு என்ன உத்தரவாதம்? அடுத்த நாள் எண்ணிக்கை ஏறவில்லை. அதற்கடுத்த நாள் இன்னும் இறங்கியது. காய்ச்சல் மருந்துக்கு அடங்கி மறுபடி எழும்பியது. சயந்தினி வேலைக்குப் போகவில்லை. முருகனுக்கு நேர்ந்தாள், மாதாவுக்கு நேர்ந்தாள், தன் தலைமுடியை நேர்ந்தாள். கண்ணை மூடினால் அவள் அழித்த பதிவுகள் வந்தன. எந்த வீட்டில், எந்தப் பாஷையில், யார் யாருக்கு அன்போடு எண்ணிப் போட்டார்களோ தெரியாது. ஒருத்தரைக்கூட யாரென்று அவள் தேடவில்லை. அழித்தாள், அடுத்த வரிக்குப் போனாள்.

இதைவிடக் கொடுமை மாமிதான். அவள் தினமும் மாஸ்க்குக்குள்ளிருந்து அதையே கேட்டாள்.

"நான் எண்ணி எண்ணித்தானே போட்டேன்? அப்புறம் எப்படிம்மா இப்படி ஆச்சு? நான் ஏதாவது தப்புப் பண்ணிட்டேனா?"

"நீங்கள் ஒரு பிழையும் செய்யேல்லை மாமி" என்று சயந்தினி சொல்வாள். அது சத்தியம். 

மாமாவால் பேச முடியவில்லை. வாயெல்லாம் ரணம். தண்ணீர்கூட இறங்காததால், பஞ்சு வைத்த குச்சி ஒன்றை நனைத்து உதட்டில் ஒற்றச் சொல்லித் தாதி கொடுத்திருந்தாள். அது மாமியின் வேலை. வளையல் சத்தம் கேட்டால் மாமா கண் திறக்காமலே வாயைத் திறப்பார். மாமி குனிந்து ஒற்றுவாள். அந்த நேரம் மட்டும் அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும். சயந்தினி கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

வியாழக்கிழமை பெரிய டொக்டர் குடும்பத்தைக் கூப்பிட்டார். சின்ன அறை, வட்ட மேசை, நடுவில் போன். எப்படி நடந்தது என்பதை இன்றைக்குப் பேச வேண்டாம் என்று நரேன் முன்கூட்டியே கெஞ்சியிருந்தான். டொக்டர் யோசித்து, அம்மா நேராகக் கேட்டால் பொய் சொல்லமாட்டேன், கேட்காவிட்டால் நிலைமையை மட்டும் சொல்கிறேன் என்று சம்மதித்திருந்தார். போனில் இந்தத் தடவை ஒரு பெண்குரல். கனிவான குரல். அதுவும் யாழ்ப்பாணத்துத் தமிழ்தான். சயந்தினிக்கு உள்ளே ஏதோ இழுத்தது. ஆனால் என்னவென்று யோசிக்கும் நிலையில் அவள் இல்லை.

எலும்புக்குள் இரத்தம் ஊறும் இடம் நின்றுபோயிருக்கிறது, அது தானாக எழும்ப வேண்டும், தொற்று அதற்குள் முந்திக்கொள்ளாமல் பார்க்கிறோம் என்றார் டொக்டர். பெண்குரல் ஒவ்வொன்றாகச் சொன்னது. மாமி கைகளைக் கோத்துக்கொண்டு கேட்டாள்.

"பொழைச்சுடுவாரா? அதை மட்டும் சொல்லச் சொல்லுங்க."

பெண்குரல் கேட்டது. டொக்டர் பதில் சொன்னார். பெண்குரல் திரும்பியது.

"இப்ப ஒண்டும் சொல்லேலாது அம்மா. இன்னும் ஒரு கிழமை போனால்தான் தெரியுமாம்."

மாமி நிமிர்ந்தாள். "எந்தக் கிழமை?"

"விளங்கேல்லை அம்மா?"

"எந்தக் கிழமைன்னு கேக்கறேன். நாளைக்கு வெள்ளிக்கிழமையா? சனிக்கிழமையா? எந்தக் கிழமை தெரியும்?"

சயந்தினி போனை நோக்கிக் கையை நீட்டினாள். நரேன் "அம்மா, நான் சொல்றேன்" என்று எழுந்தான். பெண்குரல் அதற்குள் இதமாக, கொஞ்சம் சிரிப்போடுகூடச் சொல்லிவிட்டது.

"ஓ, நீங்கள் இந்தியாவோ அம்மா? ஒரு கிழமை எண்டால் ஏழு நாள். உங்கட ஆக்கள் வாரம் எண்டு சொல்லுவினம். எங்கட ஆக்கள் கிழமை எண்டுதான் சொல்லுறது."

 டொக்டர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். என்ன நடந்தது என்று அவருக்கு விளங்கவில்லை. "ஹலோ? அம்மா?" என்றது போன்.

மாமி மடியிலிருந்த கைப்பையைத் திறந்தாள். டப்பாவை எடுத்தாள். அதை ஏன் இன்னும் தூக்கிக்கொண்டு திரிந்தாள் என்று தெரியாது. மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, அந்த வெள்ளைத்தாளைப் புதிதாகப் பார்ப்பவள்போல விரலை வைத்து வாசித்தாள். உதடு அசைந்தது. பிறகு டப்பாவை சயந்தினியின் பக்கமாகத் திருப்பினாள்.

"இது உன் கிழமையா, என் கிழமையாம்மா?"

பொய் சொல்ல சயந்தினி வாயைத் திறந்தாள். வரவில்லை.

"என்ரை கிழமை, மாமி."

"அப்ப ஏழு நாளைக்குச் சேத்து நாலு."

"ஓம்."

"நான் தெனம் போட்டேன்."

"எழுதியிருந்தபடிதான் நீங்கள் போட்டனீங்கள். எழுதினது நான். நான்தான் மாமி. உங்களிலை ஒரு பிழையும் இல்லை." சயந்தினி கதிரையை விட்டு இறங்கி மாமியின் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். நரேன் அழுதான். டொக்டர் போனில் மெதுவாக ஏதோ கேட்டார். பெண்குரல் "ஐயோ" என்று மட்டும் சொன்னது. அதற்கும் புரிந்துவிட்டது போலிருந்தது.

மாமி திட்டவில்லை. கத்தவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருக்கலாம். டப்பாவைப் பைக்குள் வைத்து, ஜிப்பை இழுத்து மூடினாள்.

"அவருக்குத் தெரிய வேணாம்" என்றாள். "என் கையாலதான் வந்துச்சுன்னு அவருக்கு எப்பவும் தெரிய வேணாம். ரெண்டு பேரும் கேட்டுக்கிட்டீங்களா?"

எழுந்து அறைக்குப் போனாள். சயந்தினி பின்னாலேயே ஓடினாள். மாமி கை கழுவினாள். ஒரு தடவை, இன்னொரு தடவை, மறுபடியும் கழுவினாள். தாதி குச்சியை நனைத்துக் கொடுத்தாள். கட்டில் பக்கத்தில் போய் நின்றபோது வளையல் லேசாகச் சத்தமிட்டது.

மாமா கண்ணைத் திறக்காமலே வாயைத் திறந்தார்.

மாமியின் கை பாதி தூரம் போய் நின்றுவிட்டது. குச்சியின் நுனியிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் போர்வையில் விழுந்தது. சயந்தினி வாங்கிக்கொள்ளக் கை நீட்டினாள். மாமி கொடுக்கவும் இல்லை, உதட்டுக்குக் கொண்டுபோகவும் இல்லை. மாமா கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு இத்தனை நாளாகப் பேசாதவர், அந்த ரணவாயால் குழறிக் குழறிச் சொன்னார்.

"போடு, வைதேகி."